எந்தக் கணக்குல எழுதறது?

என்ற பேரன் கோயமுத்தூருல காலேஜு படிக்கறான். போன வாரம் லீவுக்கு வால்பாறைக்கு மலையேறி வந்தான். வந்தவன் சோறுங்கல. திண்ணையில குந்திக்கிட்டுப் போன நோண்டிட்டே இருந்தான். "என்றா அப்புனு, வவுறு செரியில்லையா?"ன்னேன். "மனசு செரியில்லீங்க அப்பாரு"ன்னான்.

வெசயம் இதுதான். கூடப் படிக்கற புள்ள ஒண்ணு இருக்குது. ரெண்டு வருசமாச் சேந்து திரியறாங்க. அவகிட்டப் பேசாட்டி இவனுக்குப் பொழுது போகமாட்டேங்குது. ஆனா அது காதலா, சிநேகிதமான்னு இவனுக்கே வெளங்கலையாம். அதக் கண்டுபுடிக்கப் போன்ல ஒரு பரீச்ச இருக்குதாம். இருவது கேள்வி. எல்லாத்துக்கும் பதில அமுக்குனா முடிவு சொல்லிப்போடுமாம். அமுக்கியிருக்கான். நூத்துக்கு அறுவத்திரெண்டு காதல், மிச்சம் நட்புன்னு வந்துச்சாம்.

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஏங்கண்ணு, பால் சொசைட்டியில லாக்டோமீட்டர உட்டு, தண்ணி எத்தன பாலு எத்தனன்னு பாக்கற மாதிரியல்ல இருக்குது? அறுவத்திரெண்டுன்னா பாஸா பெயிலா? நம்மூருக் கணக்குல முப்பத்தஞ்சு எடுத்தாவே அடுத்த வகுப்புக்குப் போயிரலாமே?

நீயும் அவனாட்டத்தான்னு எனக்குத் தெரியுது. இல்லாட்டி இந்தக் கெழவன் பேச்ச எதுக்குக் கேக்கப்போற? செரி, குந்து. டீ வருது. சக்கர கம்மியாத்தான் இருக்கும், எங்கூட்டுல டாக்டரு சொன்னதுக்கு மேல எங்கூட்டுக்காரி சொல்றதுதான் சட்டம்.

மொதல்ல அந்த நெஞ்சு படபடப்ப எடுத்துக்குவோம். எல்லாரும் அதத்தான் சாட்சிக்கு இழுக்கறீங்க. "அவ பக்கத்துல குந்துனா நெஞ்சு அடிச்சுக்குதுங்க"ன்னான் பேரன். எங்க குந்துனன்னேன். பஸ்ஸுலன்னான். எந்த பஸ்ஸு? அவ கூட்டாளிகளோட வால்பாறையப் பாக்க வந்தப்ப, பொள்ளாச்சியிலிருந்து ஏறுன பஸ்ஸு.

அட கிறுக்கா! ஆழியாறு தாண்டுனா நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ வர்ற வரைக்குந்தான் சிரிப்பும் பாட்டும். அப்பறம் அவனவன் எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு முன்சீட்டுக் கம்பியப் புடிச்சுக்குவான். ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம். டிரைவரு ஒரு கையில ஸ்டீரிங்க ஒடிச்சுக்கிட்டு இன்னொரு கையில வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுவாரு. நெஞ்சு அடிச்சுக்காம என்ன பண்ணும்? எனக்குங்கூடத்தான் அடிச்சுக்கும். எம்பக்கத்துல அன்னைக்கு இருந்தது ஒரு கூட நாட்டுக்கோழி.

நான் வெளையாட்டுக்குச் சொல்றன்னு நெனைக்காத. பேரனே அப்பறந் தேடிப் பாத்துட்டுச் சொன்னான். 1974-ல டட்டன், ஆரன்னு மனசப் பத்திப் படிச்ச ரெண்டு பேரு, கேனடாவுல வான்கூவர் பக்கம் கபிலானோ ஆத்து மேல ஒரு சோதன வெச்சிருக்காங்க. 230 அடி ஒசரத்துல தொங்கு பாலம். காத்தடிச்சா ஊஞ்சலாட்டம் ஆடும். அதுல நடந்து வர்ற ஆம்பளைகள ஒரு பொண்ணு நிறுத்தி, ரெண்டு கேள்வி கேட்டுட்டு, தன்ற போன் நம்பரக் குடுத்திருக்கா. அக்கட்டால ஆடாத கெட்டிப் பாலம் ஒண்ணு. அங்கயும் அதே பொண்ணு, அதே கேள்வி, அதே நம்பரு. ஆடுன பாலத்துல நம்பர் வாங்குன 18 பேர்ல 9 பேரு அவளக் கூப்பிட்டாங்க. ஆடாத பாலத்துல வாங்குன 16 பேர்ல 2 பேருதான்.

பாத்துக்க. பொண்ணு மாறல. பாலந்தான் மாறுச்சு. பயத்துல அடிச்ச நெஞ்ச ஆசையில அடிச்சதுன்னு கணக்குத் தப்பா எழுதிக்கிட்டானுக. அவனுகளுக்கு ஒரு பாலம். நமக்கு நாப்பது வளைவு. இந்த ரோட்டுல மொளச்ச காதல எல்லாம் எண்ணுனா போக்குவரத்துக் கழகத்துக்குத்தான் மொதல் தாம்பூலம் குடுக்கோணும். அதனால சாமி, வளைவுல எந்த முடிவும் எடுக்காத. எறங்கு. ஒரு டீ குடி. தல சுத்தறது நிக்கட்டும். அப்பறமும் அவ மொகம் முன்னால நின்னா, பேசலாம்.

அடுத்த சாட்சி சோறு. "நான் அவளுக்குப் பிரியாணி வாங்கிட்டுப் போயிக் குடுப்பனுங்க அப்பாரு, அது காதல்தானே?" இந்த ரோசன எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, இருவாச்சியிலிருந்து வந்துச்சாம். எங்க மலையில இருவாச்சிப் பறவ பாத்திருப்ப. பொட்டப் பறவ மரப்பொந்துக்குள்ள போயி, வாசல அடச்சுக்கிட்டு முட்ட போடும். மூக்கு நொழையற அளவுக்கு ஒரு சந்துதான் இருக்கும். ஆம்பளப் பறவ காடெல்லாம் பறந்து அத்திப்பழமாக் கொண்டாந்து ஊட்டும். மாசக் கணக்குல ஊட்டும். நெசந்தான், கண்ணுல தண்ணி வர்ற காட்சி. ஆனா ஊட்டறதெல்லாம் காதலுன்னா சத்துணவு ஆயாவுக்கு ஊரு பூராக் காதலா? எங்காத்தா எனக்கு மட்டுமா ஊட்டுனா, எஸ்டேட்டுப் பாடியில, அதான் வரிசை வீட்டுல, பத்து வீட்டுப் புள்ளைகளுக்கு ஊட்டுனா. மாட்டுக்கும் ஊட்டுனா.

இந்தச் சிநேகிதத்துக்கு உங்க காலேஜுல ஒரு பேரு சொல்றீங்களாமே, "பிளாட்டானிக்"னு? யாரோ பிளேட்டோன்னு கிரேக்கத்து ஆளாம். வேடிக்க என்னன்னா, அந்த மனுசன் காதலப் பத்தி எழுதுன பொஸ்தகமே ஒரு தண்ணி பார்ட்டியில நடக்குது. பேரே "விருந்து". ஆளாளுக்கு எந்திரிச்சுக் காதல்னா இதுதான், அதுதான்னு பேசறாங்க. ஒடம்பு மேல வர்ற ஆசையில ஆரம்பிச்சுப் படிப்படியா ஏறி அறிவு மேல வர்ற ஆசைக்குப் போகலாங்கறதுதான் அதுல வர்ற பெரிய பேச்சு. அவரு ஏணி வெச்சாரு. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருசத்துக்கு அப்பால இத்தாலியில பிச்சீனோன்னு ஒருத்தரு அதுக்குப் "பிளேட்டோவின் காதல்"னு பேரு வெச்சாரு. பொறகு வந்தவங்க ஏணியத் தூக்கிட்டு நடுவால செவுரு கட்டிட்டாங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் நட்பு, அந்தப் பக்கம் காதலுன்னு. நீ செவுத்து மேல குந்திக்கிட்டு, நான் எந்தப் பக்கம்னு எங்கிட்டக் கேக்கற.

இப்ப உனக்கு ஒரு சந்தேகம் வரும். "கெழவன் அடுத்தது, எங்க காலத்துல எல்லாம் தெளிவா இருந்துச்சும்பாரு." அதான் இல்ல. எங்க காலத்துல கேள்வியே இல்ல. கேள்வி இல்லாததுக்குப் பேரு தெளிவா?

வயசுப் பையன் ஒரு வயசுப் புள்ளகிட்டப் பேசறதுக்கு முன்னாடியே ஊரு கணக்குப் போட்டுரும். என்ன மொற? மாமன் மகளா, கேலி பேசலாம். பெரியப்பன் மகளா, தல குனிஞ்சுக்கோணும். மனசு என்ன சொல்லுதுன்னு எவனும் கேக்கல. மொறை சொல்லிப்போடுச்சு, முடிஞ்சுது. கீழ சமவெளியில அப்பிடி. மேல எஸ்டேட்டுல அது கொஞ்சம் தடுமாறுச்சு. எங்கய்யன் ஆனமலைப் பக்கமிருந்து ஏறுனவரு. பக்கத்து வீடு தெக்கத்திச் சனம். அதுக்கு அடுத்தது பாலக்காட்டுச் சனம். ஒரே வரிசையில பத்து வீடு, நடுவால ஒத்தச் செவுரு. அடுத்த வீட்டுல தாளிச்சா இங்க தும்மல் வரும். இதுல யாருக்கு யாரு என்ன மொற? அதனால கண்டபடி வெச்சுக்கிட்டோம். எல்லாரும் அக்கா, எல்லாரும் மாமா. "அண்ணா"ன்னு கூப்பிட்டவளையே கட்டிக்கிட்டுப் பொறகு வாயத் தொறக்க முடியாமத் தவிச்சவனுக எங்க பாடியிலயே ரெண்டு பேரு இருந்தானுக.

அது கூடச் சிரிக்கற கதை. சிரிக்க முடியாத கதை ஒண்ணு சொல்றேன். எனக்குச் சித்தப்பன் ஒருத்தரு. நல்ல மனுசன். ஊருக்கெல்லாம் சிநேகிதன் அவருதான். எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் மொதல் ஆளு. ஆனா பொம்பள மேல ஆசன்னு ஒண்ணு அவருக்கு எப்பவுமே வந்ததில்ல. ஆம்பள மேலயும் இல்ல. "எனக்கு அந்த நெனப்பே வரமாட்டேங்குது, உடுங்க"ன்னு அழுதாரு. நாங்க உட்டமா? "கல்யாணம் பண்ணுனா எல்லாஞ் செரியாப்போகும்"னு ஒரு புள்ளையக் கொண்டாந்து கட்டி வெச்சோம். அந்தப் புள்ள முப்பது வருசம் ஒரு சிநேகிதனோட குடும்பம் நடத்துச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்லும்?

இப்ப பேரன் சொல்றான், அதுக்கு "அரோமாண்டிக்"னு பேரு இருக்குதாம். காதலுங்கற அந்தத் தினவே வராதவங்க. நான் உங்க புதுப் பேரையெல்லாம் கேட்டா, முன்னால ரேசன் கடையில கார்டுக்கு ஒரு நெறம் இருந்த மாதிரி மனசுக்கு ஒரு நெறமான்னு சிரிக்கறவன்தான். இதுக்குச் சிரிக்கல. அந்த வார்த்த அம்பது வருசத்துக்கு முன்னால எங்க பாடிக்கு ஏறி வந்திருந்தா ரெண்டு பேரு நல்லா இருந்திருப்பாங்க.

ஆனா எல்லாத்துக்கும் பேரு வாங்கியாறது கொஞ்சம் ஓவரு. "லிமரன்ஸ்"னு ஒண்ணாம். 1979-ல டோரதி டென்னவ்னு ஒரு அம்மா எழுதுன பொஸ்தகத்துலிருந்து பரவுன பேரு. எந்நேரமும் அதே நெனப்பு, அவ பதிலுக்கு ஏங்கறது, ஒரு சின்னச் சிரிப்ப வெச்சு ஒரு வாரம் ஓட்டறது. இதுக்கு நம்மூருல பித்துன்னு பேரு. முத்திப்போனா வேப்பில. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளைன்னு தொல்காப்பியத்துலயே எடம் ஒதுக்கி வெச்சிருக்குது. உன்ற நோவு புது நோவுன்னு நெனச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டுக் கெடக்கறயே, அதுக்குத்தான் சொல்றேன்.

நம்ம பெரியவங்க இதுல எவ்வளவு தெகிரியமா இருந்தாங்க தெரியுமா? தகடூர் அதியமானும் ஔவையாரும். தகடூருன்னா இப்பத்த தருமபுரி, நமக்குப் பக்கந்தான். கெடைக்காத நெல்லிக்காயி கெடச்சுது. தின்னா ஆயுசு நீளும். ராசா அத ராணிக்குக் குடுக்கல, தானுந் திங்கல. பாட்டுக்கட்டற அந்தம்மாவுக்குக் குடுத்தாரு. அந்தம்மா இவருக்காகத் தொண்டைமான்கிட்டத் தூது போயி, "உங்க ஆயுதமெல்லாம் எண்ணெ பூசி பளபளன்னு இருக்குது, எங்காளு ஆயுதம் சண்ட போட்டு ஒடஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குது"ன்னு நாசூக்காக் குத்திட்டு வந்துச்சு. இது இன்னைக்கு நடந்திருந்தா? "நெல்லிக்காயி குடுத்தானா? அப்ப ஏதோ இருக்குது"ன்னு டீக்கடையில முடிவு பண்ணியிருப்பாங்க. உன்ற இருவது கேள்விப் பரீச்சையில அதியமானுக்குத் தொண்ணூறு மார்க்கு வரும்.

பாத்தாத்தான் வருமான்னா அதுவும் இல்ல. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்ததே கெடையாது. இவரு உறையூரு ராசா, அவரு பாண்டிய நாட்டுப் புலவரு. ராசா பட்டினியா வடக்கிருந்து சாகப்போறப்ப, "அவரு வருவாரு, எம்பக்கத்துல எடம் போட்டு வையுங்க"ன்னாரு. வந்தாரு, தானுங்கூட உக்காந்து உசுர உட்டாரு. அதே மாதிரி பாக்காமயே கடுதாசியில பழகுன கதைய 1996-ல அகத்தியன் "காதல் கோட்டை"ன்னு படமா எடுத்தாரு, அது காதலாயிருச்சு. பாக்காம நட்பும் வருது, பாக்காம காதலும் வருது. அப்ப கண்ணு மேலயும் பழி போட முடியாது.

வள்ளுவரு என்ன பண்ணுனாருன்னா, அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் புடிக்கும். நட்புக்குன்னு தொடர்ச்சியா அஞ்சு அதிகாரம். காதலுக்கு ஒரு பாலே எடுத்து இருவத்தஞ்சு அதிகாரம். ஆனா "குறிப்பறிதல்"ங்கற ஒரே பேர ரெண்டு எடத்துல வெச்சிருக்காரு. எழுவத்தொண்ணாவது அதிகாரத்துல ராசா மனச மொகத்துலயே படிக்கறதப் பத்தி. நூத்திப்பத்தாவது அதிகாரத்துல காதலி மனச மொகத்துலயே படிக்கறதப் பத்தி. மொதலாளி மூஞ்சியப் பாக்கறதும் அவ மூஞ்சியப் பாக்கறதும் அவருக்கு ஒரே வித்தைதான். அந்த ரெண்டாவது எடத்துல ஒண்ணு சொல்றாரு: யாரோ எவரோங்கற மாதிரிப் பொதுவாப் பாக்கறது காதலிக்கறவங்ககிட்டத்தான் இருக்கும்னு. பாத்தியா? கண்டுக்காதவன்தான் சந்தேகத்துக்குரியவன். உன்ற பரீச்சையில இந்தக் கேள்வி இருந்துச்சா?

அஞ்சு அதிகாரத்துல நடுவால ஒண்ணுக்குப் "பழைமை"ன்னு பேரு. நாள்பட்ட சிநேகம், உரிமையோட தப்புப் பண்ணுனாலும் பொறுத்துக்கறது. எங்க கொங்குப் பக்கம் பழமைன்னா என்ன தெரியுமில்ல? பேச்சு. "சித்த பழம பேசிட்டுப் போலாம் வாங்க"ம்போம். அந்த ரெண்டு பழமையும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. பேசிப் பேசித்தான் பழசாக முடியும்.

சினிமாக்காரன் இதுல பாதிக் குத்தவாளி. 1990-ல விக்ரமன் "புது வசந்தம்" எடுத்தப்ப, ஒரு பொண்ணு நாலு பசங்களோட ஒரே வீட்டுல சிநேகிதமா இருந்தத ஊரே கைதட்டிப் பாத்துச்சு. அடுத்த வருசமே "இதயம்". முரளி படம் பூராச் சொல்லாமயே நின்னாரு. அதுக்கும் கைதட்டுனோம். 2001-ல "பிரியாத வரம் வேண்டும்", கைக்கொழந்தையிலிருந்து சிநேகிதம், பொறகு காதல். அதுக்குங் கைதட்டு. காசு குடுத்து உள்ள போனவன் எதுக்குத்தான் தட்டமாட்டான்? வெளிய வந்து வாழ்க்கைய அதுல எந்த ரீலுன்னு தேடறதுதான் தப்பு.

இனி ஒண்ணு சொல்லோணும். இதுல கேலி வராது.

உன்ற மனசுக்குள்ள எதுன்னு உனக்குத் தெரியல. செரி. ஆனா வெளிய நிக்கறவன் தனக்குத் தெரியும்கறான் பாரு, அவன்தான் ஆபத்து. 2015 ஜூன்ல, ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ், இஞ்சினியரிங் முடிச்சவன், திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குக் கூடப் படிச்ச புள்ளையோட போனான். பேசிட்டிருந்தாங்க. இவன் பட்டியல் சாதி, அந்தப் புள்ள வேற சாதி. அங்கிருந்து அவனக் கடத்திட்டுப் போனாங்க. மறுநா ரயில் தண்டவாளத்துல பொணமாக் கெடந்தான். 2022 மார்ச்சுல மதுரை சிறப்புக் கோர்ட்டு 10 பேருக்கு ஆயுள் தண்டன குடுத்துச்சு. அவங்க பேச்சு சிநேகிதமா வேறயாங்கறது அவங்க ரெண்டு பேரு வெசயம். அதக் கேக்க எவனுக்கு என்ன பாத்தியத? சிநேகிதம்னா உட்டிருப்பாங்களா? காதல்னா கொல்லலாமா? நம்ம கொங்கு மண்ணுல நடந்தது. குசும்புக்குப் பேரு போன ஊருன்னு மாரு தட்டிக்கறோம். இதையுஞ் சேத்து வெச்சுக்கோணும்.

அதே நாட்டுல இன்னொரு மனுசனப் பாத்தேன். 2021. மதுரையிலிருந்து ரெண்டு பொண்ணுக, ஒருத்திய ஒருத்தி விரும்பி, சேந்து வாழோணும்னு சென்னைக்கு வந்து ஐகோர்ட்டுல பாதுகாப்புக் கேட்டாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணுனாரு? எனக்கு இதப் பத்தித் தெரியல, என்ற மனசுலயும் பழைய நெனப்பு இருக்குதுன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு, மனநல ஆலோசகருகிட்டப் போயிக் குந்தி பாடங் கேட்டுட்டு வந்து தீர்ப்பு எழுதுனாரு. இந்த மாதிரி மனுசங்கள மரியாதையாக் கூப்பிடத் தமிழ்ல வார்த்த வேணும்னு அவரு கோர்ட்டுல பேச்சு நடந்து, 2022-ல சர்க்காரு அரசிதழ்லயே சொற்களப் போட்டுச்சு. எனக்கு அந்த "தெரியல"ங்கற ஒரு வார்த்தைதான் புடிச்சுது. நாற்காலியில குந்திக்கிட்டு எத்தன பேரு அதச் சொல்லுவான்? எங்க பாடியில கடசி வீட்டுல ரெண்டு அக்காமாருங்க ஒண்ணா முப்பது வருசம் இருந்தாங்க. ஒருத்தி செத்தப்ப இன்னொருத்தி பத்து நாளு சோறுங்கல. "கூட்டாளி"ன்னோம். அவ்வளவுதான் எங்ககிட்ட இருந்த வார்த்த.

செரி, உன்ற கதைக்கு வருவோம். டீ ஆறிப்போச்சு, குடி.

சோதிச்சுப் பாக்கறதுக்கு எங்கிட்ட ஒரு நாட்டு வைத்தியம் இருந்துச்சு. பேரன்கிட்டயும் சொன்னேன். "அவ கல்யாணப் பத்திரிக்கையோட வந்து நிக்கறான்னு வெச்சுக்க. மாப்ள வேற ஆளு. நீ மண்டபத்துல மொய் எழுதற எடத்துல நிக்கற. கை நடுங்குதா? நடுங்குனா காதல். 'ஐநூறு போட்டா பத்துமா'ன்னு ரோசன வந்தா சிநேகிதம்." பய கண்ண மூடி ரொம்ப நேரம் குந்தியிருந்தான். "நடுங்குதுங்க"ன்னான்.

ஆனா இதுவும் ஓட்டச் சட்டிதான். எங்கூடவே படிச்சு, எங்கூடவே எஸ்டேட்டுல சேந்த சேக்காளி ஒருத்தன். ஒரே பீடிய ரெண்டாக் கிள்ளிக் குடிப்போம். அவன் கல்யாணத்தன்னைக்கு எனக்குப் பந்தியில சோறு எறங்கல. இனி இவன் ராத்திரி நம்ம கூடப் பழம பேச வரமாட்டான்னு தொண்ட அடச்சுக்கிச்சு. மொய் எழுதறப்பக் கையி நடுங்குச்சு. நெசமா நடுங்குச்சு. அப்ப அது என்ன? நாளைக்குக் காணாமப்போற எந்தச் சிநேகத்துக்கும் கை நடுங்கும் கண்ணு.

அதனால நான் சோதனைய உட்டுட்டேன். கொழுந்துதான் எனக்குத் தெரியும், அதச் சொல்றேன். டீச்செடியில ரெண்டு எல ஒரு மொட்டுன்னு கிள்ளோணும். புதுசா வந்தவன் பாத்தா எல்லா நுனியும் ஒண்ணாட்டந்தான் இருக்கும். ஆனா சிலது வளர்ற மொட்டு. சிலது உறங்குற மொட்டு. ஆபீசுல "பஞ்சி"ன்னு எழுதுவாங்க. உறங்கறது செத்துப்போனதுன்னு அர்த்தமில்ல. பொறகு ஒருநா முழிச்சுக்கும். எது எதுன்னு தெரியோணும்னா? பத்து நாளு கழிச்சு அடுத்த ரவுண்டுல அதே செடிகிட்ட வா. வளர்றது எல உட்டிருக்கும். உறங்கறது அப்பிடியே நிக்கும். நீ என்ன பண்ற? மொட்ட நகத்துல பிரிச்சு உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கற. அப்பறம் அது எதுவாவும் ஆகாது.

இன்னொன்னு. சிநேகிதத்த நீ பஸ்ஸ்டாண்டு ஆக்கிப்போட்ட. காதல் பஸ்ஸு வர்ற வரைக்கும் நிக்கற எடம். வரலீன்னா "என்ற ரெண்டு வருசம் போச்சே"ம்ப. ரெண்டு வருசம் ஒருத்தி உன்ற அக்கப்போரெல்லாங் கேட்டிருக்கா, அது சும்மாவா? உனக்கு நெசமாத் தெரியோணும்னா, தெரிஞ்ச ஆளு ஒருத்தி இருக்கா. அவளக் கேளேன். நூத்துக்கு நூறு உறுதியாத் தெரிஞ்ச பொறகு கேக்கறம்ப. தோக்காம ஆடோணும்கற ஆசதான் அது, வேறென்ன?

இதச் சொன்னப்ப பேரன் மொகம் செவந்து போச்சு. எந்திரிச்சு, சிக்னல் கெடைக்கற பாறைக்குப் போனான். அரை மணி நேரம். மேல மேட்டுல யான வந்திருக்குதுன்னு செவப்பு லைட்டு எரிய ஆரம்பிச்ச பொறகுதான் வேகமா எறங்கி வந்தான். "என்ன சொன்னா?"ன்னேன். "'எனக்குந் தெரியல'ன்னு சொன்னாளுங்க அப்பாரு. அப்பறம், திங்கக்கெழம வர்றப்ப வால்பாற டீத்தூளு ரெண்டு பாக்கெட்டு வாங்கியாரச் சொன்னா." வந்தவன் நேரா அடுப்படிக்குப் போயி ரெண்டு தட்டு சோறு தின்னான்.

தின்னுட்டு வந்து எம்பக்கத்துல குந்துனான். எங்கூட்டுக்காரியும், எங்ககூட வேல செஞ்ச தெக்கத்தி அம்மிணி ஒருத்தியும் உள்ளார வெத்தல போட்டுக்கிட்டு என்னத்துக்கோ சிரிச்சுட்டு இருந்தாங்க. வாரம் ரெண்டு நா அது வரும். நாப்பது வருசத்துப் பழக்கம். நான் கொழுந்து எட போடற எடத்துல நின்னவன், அது கூட தூக்குனது. நாங்க ரெண்டு பேரும் எட மேடையில நின்னு சிரிச்சுப் பேசறதப் பாத்துட்டு ஊருல ஒரு நா புகைஞ்சுச்சு. எங்கூட்டுக்காரி காதுக்கும் போச்சு. அவ என்ன பண்ணுனா? ஞாயித்துக்கெழம அந்தம்மிணிய வீட்டுக்குக் கூட்டியாந்து, ஒப்புட்டு சுட்டுப் போட்டா. அன்னையிலிருந்து அவிய ரெண்டு பேருந்தான் சிநேகிதம். நான் டீ போட்டுக் குடுக்கற ஆளு.

"அப்பாரு, நெசமாச் சொல்லுங்க. அவங்க உங்களுக்கு ஆரு?"ன்னான் பய. கோயமுத்தூர்க் காத்து பட்டதும் குசும்பு ஏறிப்போச்சு.

மழ நாள்ல கொழுந்துல தண்ணி நிக்கும். அதனால எடையில ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதோணும். எல்லாருக்கும் கழிப்பேன். எங்கூட்டுக்காரிக்கும் கழிப்பேன். அதுக்கு வீட்டுல வாங்குன திட்டு தனி. அந்தம்மிணிக்கும் எத்தனையோ மழ கழிச்சிருக்கறேன். ஒரே ஒரு நா, ஆடி மாசம், படங்குல தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்னுச்சு. ரெண்டு கால்லயும் அட்ட கடிச்சு ரத்தம் ஓடுது. புள்ளைக்குக் காச்சலாம், காலையில பாடியில உட்டுட்டு வந்திருக்குது. கூடையத் தூக்கி வெச்சுட்டு என்னைப் பாக்கக்கூட இல்ல, மேடு பக்கம் வீட்டப் பாத்துட்டே நின்னுச்சு. எட பதினெட்டு கிலோ. பதினாறுன்னு எழுதோணும். பதினெட்டுன்னே எழுதினேன்.

அந்த ரெண்டு கிலோவ எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.